மொழிக் கற்றலில் விமர்சனச் சிந்தனையைக் கணிப்பிடுதல்

பிரச்சினையொன்றை மையமாகக் கொண்டு கற்பிக்கும் முறை 1969 இல் கனடாவின் மக்மாஸ்டர் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தில் ஆரம்பிக்கப்பட்டது. நோயாளி ஒருவரின் நிலையை முன்வைத்து, அதற்கு வேண்டிய அறிவை மாணவர் தாமே தேடிக்கொள்ளச் செய்வதே அதன் அடிப்படையாகும். பின்னர் இம்முறை மொழி வகுப்புகளிலும் இடம்பிடித்தது. எமது நாட்டிலும் 2007 ஆம் ஆண்டின் கலைத்திட்டச் சீர்திருத்தம் தேர்ச்சி மையக் கல்வியை வலியுறுத்தியது. குழுச் செயற்பாடுகள் இன்று வகுப்பறைகளுக்குப் புதியனவல்ல. எனினும், அவற்றுக்குப் புள்ளி வழங்கும் முறை பற்றி நாம் போதியளவு சிந்தித்ததாகத் தெரியவில்லை.

விமர்சனச் சிந்தனை என்பது குறைகாணும் பழக்கமன்று. அமெரிக்க மெய்யியல் சங்கத்துக்காகப் பீற்றர் ஃபசியோன் 1990 இல் தொகுத்தளித்த நிபுணர் அறிக்கை, பொருள்கோடல், பகுப்பாய்வு, மதிப்பிடல், அனுமானித்தல், விளக்கமளித்தல், தன்னைத் தானே நெறிப்படுத்தல் ஆகிய ஆறு திறன்களை அதன் கூறுகளாக இனங்கண்டது.

ஆங்கில வகுப்பொன்றில், டெங்கு பரவும் வேளையில் பாடசாலையை மூடவேண்டுமா என்ற பிரச்சினை வழங்கப்படுவதாகக் கொள்வோம். ஒரு மாணவி மனனஞ்செய்த கட்டுரையைப் பிழையின்றி ஒப்புவிக்கின்றாள். மற்றொரு மாணவன் இலக்கண வழுக்களுடன், நுளம்பு பெருகுவது பாடசாலையிலா வீட்டிலா, மூடிய பாடசாலையைத் துப்புரவு செய்வது யார் என வினவுகின்றான். மொழியும் சிந்தனையும் ஒரே புள்ளித்திட்டத்தில் கலந்திருப்பின் மாணவிக்கே கூடிய புள்ளி கிடைக்கும். வீட்டில் ஆங்கிலம் கேட்டறியாத பிள்ளைகளே இதனால் பெரிதும் பாதிக்கப்படுகின்றனர்.

ஆகவே இரண்டையும் வெவ்வேறாகக் கணிப்பிடல் வேண்டும். சிந்தனைக்கான புள்ளித்திட்டத்துக்கு நான்கு வினாக்கள் போதுமானவை. பிரச்சினையை மாணவர் சரிவர இனங்கண்டாரா? கூற்றுக்கு ஆதாரம் காட்டினாரா? மாற்றுக் கருத்தை நேர்மையாக எடைபோட்டாரா? முடிவு அவ்வாதாரங்களிலிருந்து பிறக்கின்றதா?

குழுவின் விடை சிலவேளை ஒருவரது உழைப்பாக மாத்திரம் இருக்கக்கூடும். ஆதலால், கலந்துரையாடலுக்கு முன்னும் பின்னும் ஒவ்வொருவரும் தமது கருத்தைச் சில வரிகளில் எழுதுதல் நன்று. இரண்டையும் ஒப்பிடும் ஆசிரியர், எண்ணம் எங்கே, எதனால் மாறியது என்பதைக் கண்டுகொள்வார். முதற்குறிப்பைத் தாய்மொழியில் எழுத அனுமதிப்பதிலும் தவறில்லை. மாணவர் தொகை மிகுந்த வகுப்புகளில் வாரத்துக்கு ஒரு குழுவை மாத்திரம் கணிப்பிட்டால் ஆசிரியரின் சுமையும் குறையும்.

எதற்குப் புள்ளி கிடைக்குமோ அதனையே மாணவர் கற்பர். மனனத்துக்குப் புள்ளி வழங்கிக்கொண்டு, சிந்திக்கும் தலைமுறையொன்றை நாம் எதிர்பார்ப்பது நியாயமாகாது.