கணக்குக் கேட்டவரும் காசு கொடுத்தவரும்

ஆளுவோரைக் கள்வர் என்று தூற்றுவது எளிது. எந்தச் சாலைக்கு எவ்வளவு கல் வந்தது, அதற்கு என்ன விலை தரப்பட்டது என்று எண்ணிப் பார்த்துச் சொல்வதோ அரிது! அந்த அரிய பணியை 1906இல் நியூயார்க் நகரிலே சிலர் தொடங்கினர்.

வானை முட்டும் மாளிகைகள் எழுந்த அந்நகரிலே கோலோச்சியது, டாமனி மண்டபம் எனும் அரசியல் கூட்டம். வேலை வேண்டுமா? அதன் வாயிலில் நில்! ஒப்பந்தம் வேண்டுமா? அதன் கையை நிரப்பு! தேர்தல்தோறும் நல்லோர் சிலர் ஒழுக்கம் பேசினர். பேச்சு ஓய்ந்தது; பழைய கூட்டமே மீண்டும் பீடமேறிற்று.

ஆள் மாறினால் மட்டும் போதாது, கணக்கு முறையே மாறவேண்டும் என்று கருதினர் மூவர்: வில்லியம் ஆலன், ஹென்றி புரூயர், பிரெடரிக் கிளீவ்லாந்து. மன்காட்டன் பகுதியின் நிர்வாகத்தைப் புரூயர் துருவி ஆராய்ந்தார். சீர்கேடு அறிக்கையாக வெளிவந்தது. பகுதித் தலைவர் ஜான் அகர்ன் சீறினார். "ஆய்வு நிலையமா? அவதூறு நிலையம்!" என்ற பொருள்பட டாமனி கூட்டத்தார் எள்ளினர். ஆனால் வசை, கணக்குக்கு விடையாகுமோ? விசாரணை நடந்தது. 1907 டிசம்பரில் ஆளுநர் ஹியூஸ், அகர்னைப் பதவியினின்று நீக்கினார். அவ்வாண்டிலேயே மூவர் முயற்சி, நகராட்சி ஆய்வு நிலையம் எனும் பெயரால் பதிவும் பெற்றது.

நிலையத்தார் அறையிலே அடைந்து கிடக்கவில்லை. வரவு செலவுத் திட்டத்தையே பொருட்காட்சியாக்கி மக்கள்முன் வைத்தனர்! சில காசுக்குக் கிடைக்கும் கொக்கிக்கு நகராட்சி பன்மடங்கு விலை கொடுத்ததைக் கண்டு வரி செலுத்தியவன் வியந்தான், வெகுண்டான். 1911இல் பொதுப்பணிப் பயிற்சிப் பள்ளியும் தோன்றிற்று.

இவ்வளவுக்கும் பணம்? அதை அளித்தோர் கட்டிங், கார்னெகி, ராக்பெல்லர் போன்ற செல்வர்கள். வணிகர் மகிழச் செலவு குறைந்தபோது சிக்கல் எழவில்லை. 1914இலே எழுந்தது. ராக்பெல்லர் கொடை தொடர வேண்டுமானால் பொதுப்பள்ளிகளைப் பற்றிய ஆய்வைக் கைவிடுக; குடிமக்களுக்கு அனுப்பும் அஞ்சலட்டைச் செய்திகளை நிறுத்துக; பயிற்சிப் பள்ளியைப் பிரித்துவிடுக! இத்தகைய நிபந்தனைகள் வந்தன என்றார் ஆலன். வளைய மறுத்து விலகினார். 1915இல், தொழில் உறவுகளை ஆராய அமெரிக்க அரசு அமைத்திருந்த ஆணையத்தின்முன் இதைச் சாட்சியமாகவும் கூறினார்.

நிலையம் அழிந்துவிடவில்லை. 1921இல் தேசியப் பொது நிர்வாக நிறுவனமாக வளர்ந்தது. அமெரிக்க நடுவண் அரசுக்கு முறையான வரவு செலவுத் திட்டம் தந்த சட்டமும் அவ்வாண்டிலேயே பிறந்தது. அதற்கு வித்திட்ட ஆய்வுகளுக்குத் தலைமை தாங்கியவர் கிளீவ்லாந்து. கொடை பயன் தரவில்லை என்று எவர் கூறுவர்? ஆனால் நிபுணருக்கு அறிக்கை தொடர்ந்தது. குடிமகனுக்குச் சென்ற அஞ்சலட்டையன்றோ இடறிற்று!

தோழர்களே! ஆய்வுக்குப் பொருள் வேண்டும், மறுப்பதற்கில்லை. ஆயினும் ஒரே கை ஊட்டினால், அந்தக் கையே வாயையும் பொத்தும். பலர் தரும் சிறுதொகை, எவரையும் கேள்வி கேட்கும் உரிமையைக் காக்கும். அரசிடம் கணக்குக் கேட்போர், முதலில் தம் கணக்கை ஊரறிய விரித்து வைக்கட்டும். பணம் யாருடையது என்று கேட்பது பழிப்பன்று, பகுத்தறிவு!