சிபோலோன் வழக்கில் எண்பது விழுக்காடு: ஒரு மறுவாசிப்பு

அமெரிக்காவில் 1950-களிலிருந்து ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள், சிகரெட் நிறுவனங்கள் மீது தனிமனிதர்கள் தொடுத்த வழக்குகள் தோற்றுக்கொண்டே இருந்தன. தெரிந்தே புகைத்தவர் தாமே பொறுப்பு என்ற ஜூரிகளின் மனப்போக்கே அதற்குக் காரணம் என்பது ஆய்வாளர்களிடையே வேரூன்றிய கருத்து. அதற்குத் தலையாய சான்றாக வைக்கப்படுவது, 1988-ல் நியூ ஜெர்சி கூட்டாட்சி நீதிமன்றத்தில் வெளிவந்த சிபோலோன் தீர்ப்பு. நுரையீரல் புற்றுநோயால் 1984-ல் இறந்த ரோஸ் சிபோலோனின் நோய்க்கு எண்பது விழுக்காடு பொறுப்பு அவருடையதே என்று ஜூரி முடிவுசெய்தது உண்மை. ஆனால் எந்தக் கேள்விக்கு விடையாக அந்த எண் வந்தது என்பதை மேற்கோள் காட்டுவோர் பெரும்பாலும் கவனிப்பதில்லை.

சிகரெட் பெட்டியில் எச்சரிக்கை வாசகத்தைக் கட்டாயமாக்கிய 1965-ஆம் ஆண்டுச் சட்டம், 1966 முதல் நடைமுறைக்கு வந்தது. அந்த வாசகம் அச்சான பிறகு போதிய எச்சரிக்கை இல்லை என்று மாநிலச் சட்டத்தின்கீழ் வழக்காட முடியாது என மேல்முறையீட்டு நீதிமன்றம் 1986-லேயே கூறிவிட்டது. ஆகவே, எச்சரிக்கத் தவறியதைப் பொறுத்தவரை 1988-ல் ஜூரி எடைபோட வேண்டியிருந்தது 1966-க்கு முந்தைய நடத்தையை மட்டுமே. அக்காலத்தில் ரோஸ் புகைத்த செஸ்டர்ஃபீல்டும் எல் அண்ட் எம்மும் லிகெட் நிறுவனத்தின் சரக்குகள்; லிகெட் மட்டும் சிக்கியதும் இதனாலேயே. நிறுவனத்தின் தவறு 1966-ல் வெட்டி நிறுத்தப்பட்டது. ரோஸ் புகைத்ததோ 1942 முதல் 1980-கள் வரை. ஒருவரின் கணக்குப் புத்தகத்தைப் பாதியில் மூடிவிட்டு, மற்றவருடையதைக் கடைசிப் பக்கம்வரை கூட்டிப் பார்த்தால் வரும் விகிதத்தைப் பொறுப்பின் இயல்பான அளவு என்று கொள்ள முடியுமா? ஜூரியின் உள்ளத்தை யாரும் திறந்து பார்த்ததில்லை. இந்த வெட்டு எண்ணை எவ்வளவு உயர்த்தியது என்று அளந்து சொல்லவும் இயலாது. ஆனால் அது எதையும் மாற்றவில்லை என்று கருதுவதற்குத்தான் கூடுதல் துணிச்சல் வேண்டும். இன்னொன்றையும் பார்க்க வேண்டும். 1966-க்கு முன் லிகெட் எச்சரிக்கத் தவறியதையும், விளம்பரத்தில் தந்த வெளிப்படையான உத்தரவாதத்தை மீறியதையும் அதே ஜூரி ஏற்றுக்கொண்டது. எல் அண்ட் எம் வடிகட்டியை மருத்துவரே எழுதிக்கொடுத்த மருந்துபோல விற்ற விளம்பரங்கள் அந்தக் காலத்தவை. வாதியின் பங்கு ஐம்பது விழுக்காட்டைத் தாண்டினால் ஒரு காசும் கிடையாது என்ற நியூ ஜெர்சி விதி எச்சரிக்கைக் கோரிக்கையை அடைத்தது. உத்தரவாதக் கோரிக்கையை அந்த விதி அடைக்கவில்லை. அதன் பேரில் ஜூரி ரோஸின் கணவருக்கு 4 லட்சம் டாலர் வழங்கியது. பழி முழுவதையும் புகைத்தவர் தலையில் சுமத்தும் மனப்போக்கு இருந்திருந்தால், அந்தத் தொகைக்கு இடமே இருந்திராது.

ஏமாற்று, கூட்டுச்சதி ஆகிய குற்றச்சாட்டுகளை ஜூரி தள்ளிவிட்டதே என்பார்கள். அவற்றுக்கு வேண்டிய நிரூபண அளவே வேறு. பொறுப்புப் பங்கீட்டோடு அதைக் குழப்ப வேண்டியதில்லை. 1990-ல் மேல்முறையீட்டில் அந்த 4 லட்சம் ரத்தானது என்ற மறுப்பும் இங்கே பொருந்தாது. நம் கேள்வி ஜூரி என்ன நினைத்தது என்பது பற்றியது, ரத்துசெய்தவர்கள் நீதிபதிகள்.

சற்றே வலுவான மறுப்பு ஒன்று உண்டு: பிற்கால ஜூரிகளும் புகைத்தவர்மீது பங்கு சுமத்தவே செய்தன. ஆம், சுமத்தின. ஃபுளோரிடா உச்ச நீதிமன்றம், புகைத்தவர்கள் சார்பில் சிகரெட் நிறுவனங்கள்மீது தொடுக்கப்பட்ட எங்கிள் கூட்டுவழக்கை 2006-ல் கலைத்தபோது, நிகோடின் அடிமைப்படுத்தும், நிறுவனங்கள் உண்மையை மறைத்தன என்பன போன்ற முடிவுகளைத் தனித்தனி வழக்குகளுக்காக நிலைநிறுத்தியது. அவற்றை விசாரித்த ஜூரிகள் பல, புகைத்தவருக்கும் ஒரு பங்கைச் சாட்டிவிட்டே பெருந்தொகைகளை வழங்கின. அன்று அங்கிருந்த விதிப்படி, அலட்சியக் கோரிக்கையில் வாதியின் பங்கு தொகையைக் குறைக்கும், வழக்கைக் கொல்லாது. ஆக, பழியைப் பங்கிடும் பழக்கம் இரண்டு இடங்களிலும் இருந்தது. ஓரிடத்தில் தோல்வி, மற்றோரிடத்தில் வெற்றி. வேறுபட்டது மாநில விதி.

ஜூன் 1992-ல் சிபோலோன் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், 1965-ஆம் ஆண்டுச் சட்டம் மாநிலச் சட்டத்தின்கீழான இழப்பீட்டுக் கோரிக்கை எதையும் தடுக்கவில்லை என்றும், 1969-ஆம் ஆண்டுத் திருத்தம்கூட உத்தரவாத மீறலையும் வேண்டுமென்றே செய்த ஏமாற்றையும் தடுக்கவில்லை என்றும் முடிவுசெய்தது. 1966-ல் கிழிக்கப்பட்ட கோடு இதனால் அழிந்தது. ஆனால் அந்தக் கோடு இல்லாத விசாரணையில் ஒரு ஜூரி என்ன விகிதம் எழுதும் என்பதை இவ்வழக்கு காட்டவே இல்லை. சில மாதங்களிலேயே வாதித் தரப்பு வழக்கைத் திரும்பப் பெற்றுக்கொண்டது.