கடனும் ஒப்புரவும்

தலவாக்கலையைக் கடந்து நானுஓயா நோக்கி ஏறும் புகையிரதப் பாதையில் வட்டகொடை ஒரு சிறிய நிலையம். இருபுறமும் தேயிலை. அவ்வழியே செல்லும்போதெல்லாம் ஒரு சொல் என் நினைவுக்கு வருகிறது: மீட்பு.

மலைநாட்டுத் தோட்டத் தொழிலாளரிடையே சமயப் பணி செய்ய ஆங்கிலத் திருச்சபைச் சங்கத்தின் 'தமிழ்க் கூலி மிஷன்' 1854இல் தொடங்கப்பட்டது. தோட்டத் துரைமார் பணம் உதவினர். உபதேசிமார் திருநெல்வேலியிலிருந்து வந்தனர். அவர்கள் கொணர்ந்த நற்செய்தியின் சாரம், மனிதன் தீர்க்கவியலாத கடனைக் கடவுளே தீர்த்து அவனைத் தம்மோடு சேர்த்துக்கொண்டார் என்பதாகும்.

கடன் என்றால் என்னவென்று லயன்களில் வாழ்ந்தோருக்கு எவரும் கற்பிக்க வேண்டியிருக்கவில்லை. வழிச்செலவுக்கும் அரிசிக்கும் பெற்ற முன்பணம் கங்காணியின் கணக்கில் ஏறியது. வேறு தோட்டம் செல்வதற்குத் 'துண்டு' வேண்டும். குறித்த தொகையைச் செலுத்தினால் ஆளை விடுவிப்போம் என்னும் சீட்டு அது. புதிய தோட்டம் அத்தொகையைச் செலுத்தும். கடனோ ஆளைத் தொடர்ந்து அங்கும் போகும். 1921இல்தான் இம்முறை சட்டப்படி ஒழிந்தது. கடன் தீர்ந்தபின் ஆளை விடுதலையாக்கும் மீட்பு, அம்மக்கள் அறிந்த உலகில் இல்லாத ஒன்று.

பவுல் கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தில் வரும் கருத்தைத் தமிழ் விவிலியம் 'ஒப்புரவாகுதல்' என்கிறது. திருக்குறளின் 22ஆம் அதிகாரமும் 'ஒப்புரவறிதல்'தான். அங்கே அது ஊரோடு ஒத்துப் பிறர்க்கு உதவி வாழ்தல். பவுலிடம் முதலடி எடுத்து வைப்பவர் கடவுள். தீங்கிழைக்கப்பட்டவரே தீங்கிழைத்தவரைத் தேடி வருகிறார்.

இவ்விடத்தில்தான் எனக்கு ஓர் ஐயம் எழுகிறது. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் இம்மக்களில் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரைக் கணக்கிட்டு, 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் ஒதுக்கியது. எஞ்சியோரைப் பிற்பாடு பார்த்துக்கொள்ளலாம் என விட்டது. தலைமன்னாருக்குச் சென்ற வண்டியை மக்கள் 'ஒப்பாரிக் கோச்சி' என்றழைத்தனர். நாடற்ற நிலையை முடிக்க 2003இல் ஒரு சட்டம் வேண்டியிருந்தது. இத்தகைய மக்களிடம் போய், நீங்களே முதலில் மன்னியுங்கள் என்று கூறுவது ஒப்புரவாகுமா?

ஆகாது என்றே கிறிஸ்தவ மரபும் கூறுகிறது. கத்தோலிக்கரின் ஒப்புரவு அருட்சாதனத்தில் மனவருத்தமும் அறிக்கையும் பரிகாரமும் உண்டு. வரி வசூலித்த சகேயு, அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாகத் திருப்பித் தருவதாகச் சொன்னான். மன்னிப்பு இலவசம்; ஆயினும் அதைப் பெற்றவன் பறித்ததை வைத்துக்கொள்ள முடியாது.

1972இல் கண்டியில் 'சத்யோதய' நிலையத்தை நிறுவிய இயேசு சபைக் குரு போல் கஸ்பர்ஸ் இதை உணர்ந்தவர். சிங்களவரையும் தமிழரையும் ஒருங்கிருந்து பணியாற்றச் செய்த அவர், தோட்ட மக்களின் உரிமைக்காகவும் வாதாடினார். அவருக்கு இவை இரண்டு பணிகளல்ல.

இன்றும் லயன் அறையில் வாழும் குடும்பத்துக்குத் தன் பெயரில் ஒரு துண்டு நிலம் கிடைப்பது இறையியலுக்கு வெளியே உள்ள காரியமென்று நான் நினைக்கவில்லை. முன்னோர் சுமந்த 'துண்டு' கடன் சீட்டு. பேரப்பிள்ளைகள் கேட்கும் துண்டு காணி. அது கையில் வரும் நாளில் ஒப்புரவைப் பற்றிப் பேசுவோருக்கு இன்னும் சற்று உரிமை இருக்கும்.