இடுப்பு மூட்டு அறுவை சிகிச்சையில் 'நேவிகேஷன்': அது எதைக் காட்டும், எதைக் காட்டாது?

சிகாமட்டில் இருக்கும் உங்க பாட்டிக்கு இடுப்பு மூட்டு மாத்தணும்னு டாக்டர் சொல்லிட்டார்னு வெச்சுக்குவோம். குடும்ப வாட்ஸ்அப்பில் உடனே ஒரு கேள்வி வரும்: "நேவிகேஷன் இருக்கிற ஆஸ்பத்திரியா பார்த்து, கே.எல். போயிடலாமா?"

பெயரைப் பார்த்து வேஸ் மாதிரி என்று நினைக்க வேண்டாம். செயற்கைக்கோள் எதுவும் இதில் இல்லை. இடுப்பெலும்பில் சிறிய கம்பிகளைப் பொருத்தி, ஒளியைத் திருப்பி அனுப்பும் உருண்டைகளை அவற்றில் மாட்டுவார்கள். அறையில் உள்ள அகச்சிவப்பு கேமரா அவற்றைப் பார்த்து, கருவி எந்தக் கோணத்தில் இருக்கிறது என்று திரையில் காட்டும். செயற்கைக் கிண்ணத்தைப் பொருத்துவது டாக்டரின் கைதான். (ரோபோ வேறு கதை.)

ஏன் கோணம் முக்கியம்?

இது பந்தும் கிண்ணமுமான மூட்டு. கிண்ணம் தப்பாகத் திரும்பியிருந்தால், குனியும்போது பந்து நழுவிவிடலாம். 1978இல் லூயினெக் குழு ஒரு 'பாதுகாப்பு எல்லை' சொன்னது: சாய்வு 30 முதல் 50 டிகிரி, முன்பக்கத் திருப்பம் 5 முதல் 25 டிகிரி. மேசையில் படுத்திருப்பவரின் இடுப்பு லேசாக அசைந்தாலும் கண்ணளவு ஏமாற்றும். அங்கேதான் நேவிகேஷன் கைகொடுக்கிறது. குறிவைத்த கோணத்தை விட்டு விலகும் கிண்ணங்கள் குறைகின்றன.

ஆனால் 2016இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக் ஆய்வு ஒன்று சங்கடமான விஷயத்தைச் சொன்னது. நழுவிய 206 மூட்டுகளில் 58 விழுக்காட்டில், கிண்ணம் அந்த எல்லைக்குள்தான் இருந்தது!

காரணங்களில் ஒன்று முதுகு. நாம் உட்காரும்போது இடுப்பெலும்பு பின்னால் சாயும்; கிண்ணமும் கூடவே திரும்பி, தொடை மடங்க இடம் விடும். முதுகு இறுகியவர்களுக்கு இது சரியாக நடக்காது. படுத்திருக்கும் உடலில் கோணத்தை அளக்கும் கேமராவுக்கு இது தெரியாது. நின்றும் உட்கார்ந்தும் முன்கூட்டியே எடுக்கும் எக்ஸ்ரேயில்தான் தெரியும்.

ஆகவே மெஷின் இருக்கான்னு கேட்பதற்கு முன், பாட்டி எப்படி வாழ்கிறார் என்று டாக்டரிடம் சொல்லுங்கள். தரையில் சம்மணம் போடுவாரா, பலகையில் உட்கார்ந்து காய் நறுக்குவாரா, முதுகில் ஏற்கெனவே ஆபரேஷன் நடந்திருக்கா? எக்ஸ்ரே பற்றியும் கேளுங்கள். வீட்டில் குந்தி உட்காரும் டாய்லெட் என்றால், அவர் திரும்பி வருவதற்குள் உயரமான இருக்கைக்கு ஏற்பாடு செய்துவிடுங்கள்.