மீன் தொட்டிக்கு நத்தை வந்த கதை

இன்னைக்கு எபிசோட் ஒரு நத்தையைப் பத்தி. வீட்டுல ரீஃப் அக்வேரியம், அதாவது உயிருள்ள பவளம் வளர்க்கிற உப்புத்தண்ணி தொட்டி வெச்சிருக்கவங்களைக் கேளுங்க, "கிளீன்-அப் க்ரூ"ன்னு ஒரு பட்டியல் சொல்வாங்க. மணலைச் சுத்தம் பண்ற நசேரியஸ் நத்தை அதுல பெரும்பாலும் இருக்கும். ஏதோ ஸ்பேர் பார்ட் மாதிரி டஜன் கணக்குல வாங்குவாங்க. எனக்கு அதுதான் உறுத்துது. ஏன்னா மீன் தொட்டிங்கிற ஐடியா உருப்பட்டதே நத்தையாலதான்.

1849, லண்டன். ராபர்ட் வாரிங்டன்னு ஒரு வேதியியலாளர். 12 கேலன், அதாவது சுமார் 55 லிட்டர் பிடிக்கிற கண்ணாடிப் பாத்திரத்துல ரெண்டு தங்கமீனும் வாலிஸ்னேரியா செடியும் வெச்சார். மீன் விடுற கரியமில வாயு செடிக்கு, செடி விடுற ஆக்சிஜன் மீனுக்கு. தண்ணி மாத்தவே வேண்டாம். டிசைன் டாக்குமென்ட்ல பக்கா! ஆனா கொஞ்ச நாள்ல பழைய இலைகள் அழுகி, தண்ணி கலங்கி, வழவழன்னு பாசி படிஞ்சு, மீன் உயிருக்கே ஆபத்து. குளத்து நத்தை அஞ்சாறு கொண்டுவந்து போட்டார். அழுகினதை நத்தை தின்னுச்சு, நத்தையோட முட்டையை மீன் தின்னுச்சு, தண்ணி தெளிஞ்சுது. நம்ம பாஷையில, கார்பேஜ் கலெக்டர் இல்லாம ஓடாத சிஸ்டம். 1850ல இதைக் கட்டுரையா வெளியிட்டார். அப்புறம் கடல்தண்ணியிலும் முயற்சி பண்ணார், அங்கே பாசி மேய பெரிவிங்கிள் நத்தை. 1853ல லண்டன் மிருகக்காட்சி சாலையிலயே மீன்களுக்குன்னு தனிக் கட்டடம் திறந்துட்டாங்க.

சரி, மணலுக்கு வருவோம். அதுக்கு நூறு வருஷம் தாண்டணும். 1961ல ஜகார்த்தாவைச் சேர்ந்த லீ சின் எங், கடல்ல இருந்து உயிரோட எடுத்த பாறையும் மணலுமே தண்ணியைப் பார்த்துக்கும்னு எழுதினார். 1980களில் மொனாக்கோவுல ழான் ஜோபேர் அதை இன்னும் ஆழமா கொண்டுபோனார். தடிமனான மணலோட அடியில ஆக்சிஜன் குறைவு, அங்கே வாழ்ற பாக்டீரியா நைட்ரேட்டை நைட்ரஜன் வாயுவா மாத்திடும். ஆக, மணல்தான் ஃபில்டர். அப்போ அதை அள்ளிக் கழுவ முடியாது. ஆனா மேலே விழுற மிச்ச சாப்பாடு அழுகக் கூடாது. இந்த வேலைக்குத்தான் நசேரியஸ்.

மூக்குக்குழல் மட்டும் வெளியே நீட்டிட்டு மணலுக்குள்ள புதைஞ்சு கிடக்கும். இறைச்சி வாசம் வந்தா போதும், ஸோம்பி படம் மாதிரி எழுந்து வரும். வாரிங்டன் நத்தை மாதிரி பாசி மேயாதுங்க இது, பிணந்தின்னி. சின்னத் தொட்டியில இருபது போட்டா பட்டினிதான். இன்னொரு கூத்து: அமெரிக்கக் கிழக்குக் கரையோட சேற்று நத்தையையும் நசேரியஸ்னே விக்கிறாங்க. அது குளிர்தண்ணி ஆளு, பவளத் தொட்டியோட சூட்டுல ரொம்ப நாள் தாங்காது. மணலுக்கடியில சத்தமில்லாம செத்து, அதுவே அழுக ஆரம்பிக்கும். ஓனர் இன்னொரு டஜன் வாங்குவார்.

உங்க தொட்டியில எத்தனை மிச்சம்னு தெரியணுமா? ஒரு துண்டு இறால் போட்டுட்டு எண்ணிப் பாருங்க.