கழங்கு முதல் கைப்பேசி வரை

விளையாட்டு என்பது சிறுபிள்ளைகளின் வீண்பொழுது என்று ஒதுக்கிவிடுவோர் பலர். பண்டைத் தமிழ்ச் சான்றோர் அவ்வாறு எண்ணினாரல்லர். மெய்ப்பாடுகள் எட்டனுள் ஒன்றாகிய உவகை பிறக்கும் நிலைக்களன்களைத் தொல்காப்பியர் நான்கென வகுத்தார். செல்வம், புலன், புணர்வு என்னும் மூன்றோடு நான்காவதாக அவர் வைத்தது விளையாட்டு. அவ்வுவகைக்கு அவர் தந்த அடைமொழியும் கருதத்தக்கது. துன்பம் நீங்கிய மகிழ்ச்சியே உவகை என்பது அவர் கொள்கை. உரியியலில் கெடவரல், பண்ணை என்னும் இரு சொற்களுக்கும் விளையாட்டு என்றே அவர் பொருள் கூறினார்.

பண்ணை என்னும் சொல் இன்று விளைநிலத்தையே குறிக்கின்றது. ஒரே சொல்வடிவம் ஒருகால் ஆட்டத்தையும், ஒருகால் உழைப்பின் களத்தையும் குறித்து நிற்பது மலாயாத் தமிழரின் வரலாற்றுக்கு மிகப் பொருந்தும். தோட்டத்து வாழ்வில் இவ்விரண்டும் அருகருகே நின்றன. அத்தோட்டங்களில் வாழ்ந்தோரின் பேரப்பிள்ளைகள் இன்று கைப்பேசியின் ஒளித்திரையில் ஆடுகின்றனர். அவ்வாட்டம் அவர்கட்குத் தொல்காப்பியர் கூறிய உவகையைத் தருகின்றதா என்பதே இங்கு ஆராய்தற்குரிய வினா.

மந்தினும் தோட்டங்களும்

நெகிரி செம்பிலான் மாநிலத்தில், சிரம்பானுக்கும் செமினிக்கும் இடையே பழைய நெடுஞ்சாலையின் மேல் அமைந்த சிற்றூர் மந்தின். ஈயம் தோண்ட வந்த ஹக்காச் சீனர் குடியேறிய இடம் அது. பின்னர் ரப்பர் வந்தது. இங்கிலாந்தின் கியூ தாவரத் தோட்டத்திலிருந்து 1877ஆம் ஆண்டு சிங்கப்பூருக்கு வந்த 22 கன்றுகளே மலாயாவின் பால்மரக் காடுகளுக்கு வித்தாயின. 1896இல் மலாக்காவில் டான் சே யான் என்பார் வாணிக நோக்குடன் ரப்பர் பயிரிட்டார். நெகிரி செம்பிலான் இணைந்த மலாய் மாநிலங்களுள் ஒன்றானதும் அதே ஆண்டில்தான்.

மரம் சீவக் கைகள் வேண்டியிருந்தன. கங்காணிமார் தமிழகத்துச் சிற்றூர்களில் ஆள் சேர்த்தனர். தொழிலாளரைக் கொணரும் செலவுக்கென 1907இல் குடியேற்ற நிதி ஏற்பட்டது. 1938இல் இந்திய அரசு இவ்வகைக் குடியேற்றத்தைத் தடைசெய்யும் வரை கப்பல்கள் வந்தவண்ணம் இருந்தன. மந்தின், பஜாம், நீலாய்ப் பகுதிகளின் தமிழ்க் குடும்பங்களின் கதை இப்பெருங்கதையின் ஒரு கிளையே.

தோட்டத்தின் நாள் விடியுமுன் தொடங்கும். இருளிலேயே பெரட்டுக்கு நிற்றல், பெயர் கொடுத்தல், மரம் சீவுதல், பால் எடுத்தல், பால் நிறுத்தல் என வேலை பிற்பகல் வரை நீளும். சிறுவர் பெற்றோருக்கு உதவியாக ஒட்டுப்பால் பொறுக்கினர். சிறுமியர் தம்பி தங்கையரை இடுப்பில் சுமந்தனர். இவ்வளவுக்கும் பின் எஞ்சிய மாலைப்பொழுதே விளையாட்டுக்கு உரியது. லயத்து வீடுகளின் முன்றிலே ஆடுகளம்.

லயத்து முன்றில் ஆட்டங்கள்

கடல் கடந்து வந்தோர் கொண்டுவந்த பொருள் சிறிது. ஆட்டங்களுக்கோ மூட்டை முடிச்சுத் தேவையில்லை. பல்லாங்குழிக்கு வரிசைக்கு ஏழாக இரு வரிசைகளில் 14 குழிகள் போதும். பலகை இல்லையேல் மண்ணில் தோண்டிக்கொள்ளலாம். புளியங்கொட்டையோ மஞ்சாடியோ கிடைத்தால் ஆட்டம் தொடங்கிவிடும். ஒரு குழியில் நான்கு காய் சேர்ந்தால் அது 'பசு'; அக்குழிக்கு உரியவர் அதனை எடுத்துக்கொள்வர். இந்நாட்டு மலாய் மக்களிடம் இதன் உறவாகிய சொங்காக் முன்னரே இருந்தது. படகு வடிவான பலகையில் இருபுறமும் குழிகளும், இரு முனைகளிலும் 'வீடு' எனப் பெறும் பெருங்குழிகளும் அதற்கு உண்டு. மொழி தெரியாத இரு சிறுமியரும் எண்ணிக்கையால் ஒருவரையொருவர் அறிந்துகொள்ளக்கூடிய ஆட்டங்கள் இவை.

அஞ்சாங்கல்லின் செய்தி இன்னும் சுவையானது. சங்க இலக்கியத்து மகளிர் ஆடிய கழங்கு அதன் முன்னோடி. ஒன்றை மேலே எறிந்து, அது விழுமுன் மற்றவற்றை வாரி, எறிந்ததையும் பற்றும் இவ்வாட்டத்திற்கு மலாய் மொழியில் 'பத்து சிரம்பான்' என்று பெயர். பத்து என்றால் மலாயில் கல். மந்தினுக்கு அண்மையிலுள்ள தலைநகரின் பெயரையே ஓர் ஆட்டம் தாங்கி நிற்கின்றது. கல்லுக்கு மாற்றாக அரிசியோ விதையோ இட்டுத் தைத்த சிறு துணிப்பைகளாலும் மலாய்ச் சிறுமியர் இதனை ஆடுவர்.

தோட்டமே தந்த ஆட்டக்கருவி ஒன்றும் உண்டு. அது ரப்பர் விதை. காய் வெடித்துச் சிதறும் பளபளப்பான விதைகளைச் சிறுவர் பொறுக்கிச் சேர்ப்பர். இரண்டு விதைகளைக் கைகளுக்கிடையே வைத்து அழுத்துவர். எவனுடைய விதை உடைகின்றதோ அவன் தோற்றான். முதலாளியின் மரம் உதிர்த்த விதை பிள்ளைகளின் செல்வமாயிற்று.

இவ்வாட்டங்களுக்குப் பொதுவான மூன்று இயல்புகள் உண்டு. காசு வேண்டுவதில்லை, எதிரே ஒரு தோழமை வேண்டும், ஆட்டத்துக்கு முடிவு உண்டு. காய் தீர்ந்தால் பல்லாங்குழி முடிந்தது. இருட்டினால் கிட்டிப்புள் முடிந்தது. ஹாலந்து நாட்டு வரலாற்றறிஞர் யோகான் ஹுய்சிங்கா 1938இல் வெளியிட்ட நூலில், விளையாட்டுத் தன்விருப்பால் நிகழ்வது, காலத்தாலும் இடத்தாலும் எல்லை கட்டப்பெற்றது என்று விளக்கினார். திருவள்ளுவரோ கல்லாமை அதிகாரத்தில், நிரம்பிய நூலறிவின்றி அவையிற் பேசுதலுக்குக் கட்டம் வரையாமல் வட்டாடுதலை உவமை கூறினார். அரங்கு இழைக்காத ஆட்டம் ஆட்டமாகாது என்பது தமிழர் நெடுங்காலமாக அறிந்த உண்மை.

எனினும் அக்காலத்தைப் பொற்காலமாகப் புனைந்துரைத்தல் வரலாறு ஆகாது. தோட்டத்தில் கள்ளுக்கடையும் இருந்தது, சூதும் இருந்தது. விளையாட வேண்டிய வயதில் வேலைக்குச் சென்ற பிள்ளைகளும் இருந்தனர். ஓய்வு குறுகியதாக இருந்தமையாலேயே அதன் இன்பம் மிகுதியாகத் தோன்றியது என்றும் கூறலாம்.

ஒளித்திரையின் வருகை

1950ஆம் ஆண்டுகளில் பெருந்தோட்டங்கள் துண்டாடப்பட்டன. அதனைத் தடுக்கும் முயற்சியாக 1960இல் துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். பின்னர் ரப்பர் நின்ற இடங்களில் செம்பனை வந்தது. செம்பனைக்கும் பின் தொழிற்சாலையும் வீடமைப்பும் வந்தன. 1998இல் சிப்பாங்கில் பன்னாட்டு விமான நிலையம் திறக்கப்பட்டது. நீலாய் வட்டாரம் நகராகியது. லயத்தை விட்டு அடுக்குமாடிக்குச் சென்ற குடும்பத்துக்கு வீடு கிடைத்தது, முன்றில் கிடைக்கவில்லை. ஆட்டம் வீட்டிற்குள் புகுந்தமைக்கு இதுவும் ஒரு காரணம்.

ஒளித்திரை ஆட்டத்தின் பிறப்பு ஆய்வுக்கூடத்தில் நிகழ்ந்தது. 1958இல் அமெரிக்காவின் புரூக்ஹேவன் ஆய்வகத்தில் வில்லியம் ஹிகின்போதம் என்னும் இயற்பியலறிஞர், பார்வையாளரை மகிழ்விக்கக் கருவித் திரையில் டென்னிஸ் ஆட்டம் ஒன்றை அமைத்தார். 1972இல் அட்டாரி நிறுவனம் 'பாங்' என்னும் ஆட்டத்தைக் காசு போட்டு ஆடும் எந்திரமாக்கியது. கலிபோர்னியாவில் ஒரு மதுக்கடையில் வைத்த முதல் எந்திரம் சில நாட்களில் பழுதாகி நின்றது. திறந்து பார்த்தபோது, காசுப்பெட்டி நிரம்பி வழிந்தமையே காரணமெனத் தெரிந்தது. விளையாட்டின் வரலாற்றில் இது ஒரு திருப்பம். புளியங்கொட்டை இருந்த இடத்தில் நாணயம் வந்தமர்ந்தது.

1978இல் ஜப்பானின் 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்', 1980இல் 'பாக்மேன்', 1984இல் ருசியாவின் 'டெட்ரிஸ்' என ஆட்டங்கள் உலகைச் சுற்றின. அச்சமும் உடன் சுற்றியது. பிலிப்பீன்ஸ் நாட்டில் 1981இல் அதிபர் மார்க்கோஸ் ஒளித்திரை ஆட்ட எந்திரங்களையே தடைசெய்தார். 1997இல் நோக்கியாக் கைப்பேசியில் பாம்பு ஆட்டம் வந்தபின் ஆடுகளம் சட்டைப்பைக்குள் அடங்கிற்று. 2016இல் 'மொபைல் லெஜண்ட்ஸ்', 2017இல் 'ஃபிரீ ஃபயர்', 2018இல் கைப்பேசிப் 'பப்ஜி' ஆகியவை வந்தன. இன்றைய மலேசிய இளைஞர் நன்கு அறிந்த பெயர்கள் இவை.

இன்பம் உண்டா?

ஆடுவோரைக் கேட்டால் உண்டு என்பர். அதனை மறுத்தற்கில்லை. 'மொபைல் லெஜண்ட்ஸ்' ஆட்டத்தில் ஐவர் ஓரணியாக நின்று எதிரணி ஐவரோடு பொருவர். ஒருவர் தம் பங்கைத் தவறவிட்டால் அணியே வீழும். கபடியில் வேண்டப்படும் ஒற்றுமையும் விரைவும் இங்கும் வேண்டும். கபடி 1990இல் பெய்ஜிங் ஆசிய விளையாட்டுப் போட்டியில் பதக்கத்துக்குரிய ஆட்டமாயிற்று. மின்விளையாட்டு 2019இல் பிலிப்பீன்ஸில் நடந்த தென்கிழக்காசியப் போட்டியிலும், 2023இல் ஹாங்சோவில் நடந்த ஆசியப் போட்டியிலும் அத்தகுதி பெற்றது. 2024 ஜூலையில் ரியாத் நகரில் நிகழ்ந்த 'மொபைல் லெஜண்ட்ஸ்' உலகப் போட்டியொன்றில் மலேசியாவின் சிலாங்கூர் ரெட் ஜயன்ட்ஸ் அணி வாகை சூடியது. இவ்வெற்றியை வீண்பொழுது என்று எவரும் கூறார்.

ஆயினும் மற்றொரு பக்கம் உண்டு. இவ்வாட்டங்கள் பலவற்றுக்கு நுழைவுக் கட்டணம் இல்லை, முடிவும் இல்லை. ஒரு போர் முடிந்தவுடன் மறுபோர் அழைக்கும். இன்று வராதவன் இன்றைய பரிசை இழப்பான் என்று நினைவூட்டல் வரும். ஆடை, படைக்கலம், அணிகலன் எனத் திரைக்குள் இருக்கும் பொருள்களை மெய்யான காசு கொடுத்து வாங்கலாம். உள்ளே இருப்பது இன்னதென அறியாமலே விலைகொடுத்துத் திறக்கும் பெட்டிகளும் சில ஆட்டங்களில் உண்டு. பெல்ஜிய நாட்டுச் சூதாட்ட ஆணையம் 2018இல் இத்தகைய பெட்டிகளைச் சூது என்றே முடிவு செய்தது.

திருவள்ளுவர் சூது அதிகாரத்தைத் தொடங்கும்போது தோல்வியைப் பேசவில்லை, வெற்றியைப் பேசினார். சூதில் வென்ற பொருள், மீன் விழுங்கிய தூண்டில் இரையைப் போன்றது என்றார். இரை கிடைத்தது என்று மீன் மகிழும் அந்தக் கணமே அது பிடிபட்ட கணம். சிறு பரிசுகளை அடிக்கடி தந்து ஆடுவோரைப் பிடித்துவைக்கும் இன்றைய முறைக்கு இதனினும் பொருத்தமான உவமை கிடைத்தல் அரிது.

தமிழகம் இத்துன்பத்தைச் சட்டத்தால் எதிர்கொண்டது. இணையவழிச் சூதாட்டத் தடைச் சட்டம் 2023 ஏப்ரலில் ஒப்புதல் பெற்றது. அவ்வாண்டு நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் சட்டத்தை ஏற்றது. ரம்மி, போக்கர் ஆகியவை திறமை ஆட்டங்கள் என்று கூறி அவற்றின் தடையை மட்டும் நீக்கியது. 2025இல் வந்த விதிகள், பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்களை நள்ளிரவு முதல் காலை 5 மணி வரை நிறுத்தின. அவ்வாண்டு ஆகஸ்டில் இந்திய நாடாளுமன்றம் பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்கள் அனைத்தையும் தடைசெய்யும் சட்டத்தை நிறைவேற்றியது.

பணம் வைக்காத ஆட்டமும் நோயாகக்கூடும். உலகச் சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் 2022 ஜனவரி முதல் 'விளையாட்டுக் கோளாறு' இடம்பெற்றுள்ளது. ஆட்டத்தைக் கட்டுப்படுத்த இயலாமை, பிற கடமைகளுக்கு மேலாக ஆட்டத்தை வைத்தல், தீங்கு நேர்ந்த பின்னும் தொடர்தல் என்பன அதன் குறிகள். பொதுவாக இவை 12 மாதங்களாவது நீடித்திருத்தல் வேண்டும். நெடுநேரம் ஆடுவோர் யாவரும் நோயாளர் அல்லர். துன்பம் வந்த பின்னும் விடமுடியாத நிலையே இங்கு அளவுகோல். துன்பம் நீங்கியதே உவகை என்ற தொல்காப்பியரின் வரையறையை மருத்துவர் வேறு வழியாக வந்து அடைந்தனர் எனலாம்.

வெண்பா என்றோர் ஆட்டம்

தமிழர் இத்துறையில் நுகர்வோராக மட்டும் நிற்கவில்லை. கனடாவின் டொராண்டோ நகரிலுள்ள விசை கேம்ஸ் என்னும் சிறு நிறுவனம் 2023 ஜூலை 31ஆம் நாள் 'வெண்பா' என்னும் ஆட்டத்தை வெளியிட்டது. யாப்பின் பெயர் அங்கே ஒரு தாயின் பெயர். வெண்பா, அவள் கணவன் பாவலன், மகன் கவின் என மூவர் அடங்கிய தமிழ்க் குடும்பம் 1980ஆம் ஆண்டுகளில் கனடாவில் குடியேறிய கதை அது. ஆடுவோர் செய்ய வேண்டியது போர் அன்று, சமையல். தாய்வழி வந்த சமையற்குறிப்பேடு கிழிந்தும் கறைபட்டும் கிடக்கின்றது. அழிந்த வரிகளை ஊகித்து இட்டலியும் புட்டும் சமைக்க வேண்டும். தமிழைத் தடுமாறிப் படித்து மகன் சமைக்க முயலும் பகுதியும் உண்டு. ஆட்டம் சில மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். 2024இல் பிரித்தானியத் திரைக்கலைக் கழகமாகிய பாஃப்டா, அறிமுக ஆட்டத்துக்கான விருதை இதற்கு வழங்கியது.

இவ்வாட்டத்தில் அரங்கு இழைக்கப்பட்டிருக்கிறது, முடிவு இருக்கிறது, பின்னர்ப் பேசுதற்கு ஒரு பொருளும் இருக்கிறது. புலம்பெயர்ந்த குடும்பத்தில் மொழி ஒரு தலைமுறைக்குள் எவ்வாறு தளர்கின்றது என்பதைக் கட்டுரையால் உணராத மாணவனும் அக்கிழிந்த ஏட்டால் உணரக்கூடும். ஒளித்திரை என்பதாலேயே ஓர் ஆட்டம் தீதாகாது என்பதற்கு இது சான்று.

ஆசிரியர் கடன்

பிள்ளைத்தமிழ் பாடிய புலவர் சிற்றில், சிறுபறை, சிறுதேர், அம்மானை, நீராடல், ஊசல் எனக் குழந்தையின் ஆட்டங்களைப் பருவங்களாக வகுத்தனர். பிள்ளை எதை ஆடுகின்றது என்று உற்றுநோக்கும் மரபு தமிழில் புதிதன்று. இன்றைய ஆசிரியருக்கும் அந்நோக்கு வேண்டும். கைப்பேசியைப் பறித்தல் எளிது. மாணவன் ஆடும் ஆட்டத்தின் விதிகளைத் தமிழில் எடுத்துரைக்கச் செய்தல் அரிது, பயனுடையது. ஆட்டம் எப்போது முடிகிறது, உடன் ஆடுவோர் யார், முடிந்தபின் மனம் எவ்வாறு இருக்கிறது என்னும் மூன்று வினாக்களுக்கு அவன் விடை எழுதட்டும். உவகை உண்டா இல்லையா என்பதை அவனே அறிந்துகொள்வான்.

மற்றொரு பணி விரைவில் செய்யவேண்டுவது. மந்தின் வட்டாரத்திலும் பிற இடங்களிலும் தோட்டத்தில் பிறந்து வளர்ந்த முதியோர் இன்னும் உளர். அவர்கள் ஆடிய ஆட்டங்களின் பெயர், விதி, எண்ணும் முறை, தோற்றவனைக் கேலி செய்யும் சொல் ஆகியவற்றை மாணவர் வீடுதோறும் சென்று எழுதிக்கொள்ளலாம். தோட்டம் மறைந்த இடங்களில் அதன் கணக்கேடுகள் கிடைக்கக்கூடும். எத்தனை இறாத்தல் பால் வந்தது என்று அவை கூறும். மாலையில் பிள்ளைகள் எதனால் சிரித்தனர் என்பதை அவை கூறமாட்டா. அதைக் கூறவல்லார் இருக்கும்போதே கேட்டுப் பதிந்துகொள்ளுதல் தமிழாசிரியர் கடன்.