செஞ்சியில் நெருப்புத் திருநாள்

செஞ்சி என்றவுடன் நம் நினைவில் எழுவது கோட்டையே. ராஜகிரி முதலிய மூன்று குன்றுகளை வளைத்து நிற்கும் அம்மதில்கள் பல கொடிகளைக் கண்டவை. பீஜப்பூர் சுல்தானிடமிருந்து சிவாஜி அதனை 1677-ல் கைப்பற்றினார். 1698-ல் மொகலாயரும், 1750-ல் பிரெஞ்சுக்காரரும், 1761-ல் ஆங்கிலேயரும் அடுத்தடுத்து அதனைக் கொண்டனர். 2025-ல் அது உலக மரபுச் சின்னங்களின் வரிசையிலும் இடம்பெற்றது. ஆயினும், கோட்டையை மட்டும் கண்டு திரும்பும் பயணி பாதிச் சரித்திரத்தையே கண்டவனாவான். மறு பாதியைக் காண, அவன் கோடையில் இவ்வட்டாரத்துச் சிற்றூர்களின் திரௌபதியம்மன் திருவிழாவுக்குச் செல்லவேண்டும்.

இத்திருவிழாவைப் பற்றி ஓர் அயல்நாட்டுப் பயணி முன்பே எழுதியிருக்கிறார். புதுச்சேரியில் தங்கியிருந்த பிரெஞ்சு இயற்கை ஆய்வாளர் பியேர் சொன்னரா, 1782-ல் வெளியிட்ட தம் பயண நூலில் இதனை ‘நெருப்புத் திருநாள்’ என்று தமிழ்ப் பெயராலேயே குறிக்கிறார். தருமராஜனுக்கும் திரௌபதிக்கும் பதினெட்டு நாள் விழா. அந்நாட்களில் நோன்பு, வெறுந்தரையில் உறக்கம். இறுதி நாளில் தலையில் மலரும் உடலில் மஞ்சளுமாய், சுமார் நாற்பதடி நீளமுள்ள தணற்பரப்பில் அடியார்கள் நடக்கிறார்கள். சிலர் கைகளில் குழந்தைகள், சிலர் கைகளில் வாளும் வேலும்.

இன்றும் இவ்விழா அவ்வாறே நடைபெறக் காண்கிறோம். பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் தெருக்கூத்து. பதினெட்டாம் போர் நாளில், மண்ணால் செய்த துரியோதனனின் பேருருவம் களத்தில் மல்லாந்து கிடக்கிறது. பீமன் அதன் தொடையில் அடிக்கிறான். திரௌபதி விரித்த கூந்தலை முடிக்கிறாள். வேடிக்கை பார்க்க வந்த பயணி அங்கே ஒப்பாரியைக் கேட்டுத் திகைக்கிறான். வீழ்ந்தவன் பகைவனே எனினும், அவனுக்கும் இவ்வூரார் அழுகிறார்கள். அதன் பின்னரே தீமிதி.

1970களிலும் 80களிலும் இவ்விழாக்களைத் தேடி அலைந்த அமெரிக்க அறிஞர் ஆல்ஃப் ஹில்டெபைட்டல், இவ்வழிபாட்டின் பிறப்பிடம் செஞ்சி வட்டாரமே என்று 1988-ல் வெளியிட்ட தம் நூலில் வாதிட்டார். ‘பழைய செஞ்சி’ எனப்படும் மேலச்சேரியின் திரௌபதி கோயிலையே மூலக் கோயிலாக மரபு போற்றுகிறது. இலங்கைப் பாண்டிருப்பிலும், சிங்கப்பூரிலும், ரியூனியன் தீவிலும் திரௌபதியின் பெயரால் தமிழர் தீமிதிக்கிறார்கள்.

இக்கோயில்கள் பலவற்றில் மற்றொரு வியப்பும் உண்டு. அம்மனின் காவலருள் ஒருவர் முத்தால ராவுத்தர். அவர் ஒரு முஸ்லிம் வீரர். சுல்தான்களும் நவாபுகளும் ஆண்ட மண் இது. அவர்களுடைய குதிரைப்படைகளை மதில்கள் எதிர்த்து நின்றன. கோயிலோ அவ்வீரருள் ஒருவருக்குத் தன் வாசலருகே இடமளித்து, காவலையும் ஒப்படைத்தது.

கோட்டையில் யார் வென்றார், யார் தோற்றார் என்பதை நூல்கள் கூறும். வென்றவரும் தோற்றவரும் பின்னர் எவ்வாறு ஒரே ஊராக வாழ்ந்தனர் என்பதைத் திருவிழாவே கூறுகிறது. செஞ்சிக்குச் செல்லும் அன்பர்கள் குன்றேறி இறங்கியபின், அத்தணல் ஆறும்வரை ஓர் இரவு அங்கே தங்குவார்களாக.